இரும்பு விரதம்

லாரிகளுக்காகக் கட்டிய எடைமேடையில் மனிதர் ஏறினால் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுவார். மேடை ஐம்பது அடி நீளம். அதன் நடுவில் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு பாதங்கள் வரைந்திருந்தார்கள். அந்தப் பாதங்களில் தன் பாதங்களைப் பொருத்தி, கைகளைத் தொங்கவிட்டு, மூச்சைப் பாதி விட்டு நிற்க வேண்டும். மூச்சை முழுதாக விட்டவர்கள் எடையை ஏமாற்றப் பார்த்தவர்கள் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டார்கள்.

கணபதி பகுதியைத் தாண்டி, பதினைந்து வருடங்களுக்கு முன்பு மூடிய ஒரு நூற்பாலைக்குள் கொங்கு உடல்நெறி நடுவம் இயங்கியது. ஆலையின் முதலாளி தம்பிதுரைதான் நடுவத்தின் நெறியாளர். ஆலையை மூடியபோது இயந்திரங்களையெல்லாம் விற்றுவிட்டார். எடைமேடையை மட்டும் பெயர்த்தெடுக்க முடியவில்லை. ஆகவே அதைச் சுற்றி ஓர் அறிவியலை உருவாக்கினார்.

மாவுச்சத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். நெய், தேங்காயெண்ணெய், முட்டை, ஆட்டுக்கொழுப்பு சாப்பிடலாம். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. அப்போது உடல் தன்னிடமிருக்கும் கொழுப்பை எடுத்து எரிக்கும். இதை ஊரில் பல பேர் கீட்டோ என்ற பெயரில் செய்கிறார்கள். சிலர் மெலியவும் செய்கிறார்கள். நடுவத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு வேறு. எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை என்று அது கண்டறிந்திருந்தது. எடை வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். பிறகு ஒரே நாளில் ஐந்து கிலோ விழும். நிற்பதற்குத் தேக்கம் என்று பெயர். விழுவதற்கு வீழ்ச்சி என்று பெயர். இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர்களில் ஒருவருக்குக்கூட இந்த விதி தவறியதில்லை. ஒரு கிலோ குறைந்தவரோ மூன்று கிலோ குறைந்தவரோ நடுவத்தின் வரலாற்றிலேயே கிடையாது.

புதிதாகச் சேர்ந்த டேவிட்சன் முதல் நாளே அந்த மேடையின் பக்கவாட்டில் துருப்பிடித்துக் கிடந்த தகட்டைப் படித்துவிட்டார். அவர் தொழில் அப்படி. கணபதியில் ஒரு ஷட்டர் கடையில் தராசு பழுது பார்ப்பவர். மளிகைக்கடைத் தராசிலிருந்து மருத்துவமனைத் தராசு வரை கோணல் எடுத்து, சரிபார்த்து, அரசு முத்திரைக்கு அனுப்புவார். தகட்டில் இருந்தது இவ்வளவுதான்: அதிகபட்சம் முப்பது டன். குறைந்தபட்சம் நூறு கிலோ. ஒரு படி ஐந்து கிலோ.

அதாவது, இந்த மேடைக்கு ஐந்து கிலோவுக்குக் குறைந்த எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எண்பத்தேழரைக்கு மேலிருந்து தொண்ணூற்றிரண்டரை வரை யார் ஏறினாலும் தொண்ணூறு என்றுதான் காட்டும்.

"அம்மணி, இது ஐஞ்சு கிலோ படிங்க," என்று பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த புவனாவிடம் சொன்னார். புவனா நடுவத்தின் எடைப் பதிவாளர். மிகவும் மரியாதையான பெண்.

"ஆமாங்கண்ணா. ஐஞ்சு படி இருக்குதுங்க, பாத்து எறங்குங்க," என்றார் புவனா.

 அதற்கு மேல் வாதாட முடியாத இடத்தில் டேவிட்சன் இருந்தார். அவர் மனைவி அமலிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய் ஒரு வருடமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனையில் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்திருப்பாள். டேவிட்சனின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. ஆனால் அவர் தொண்ணூற்றாறு கிலோ. எண்பத்தைந்துக்குள் வந்தால்தான் கத்தி வைப்போம் என்றார் மருத்துவர். ஆபரேஷன் செலவைத் தம்பிதுரையின் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. ஒரே நிபந்தனை. நடுவத்தில் சேர்ந்து, நடுவத்தின் மேடையில், எண்பத்தைந்து என்று சான்று வாங்க வேண்டும்.

"ஒழுக்கமில்லாத ஒடம்புக்கு உபகாரம் பண்ணுனா, அது நாளைக்கு மறுபடி வந்து நிக்குமுங்க," என்று தம்பிதுரை விளக்கினார்.

சேரும்போது ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். வேறு எந்தத் தராசிலும் ஏற மாட்டேன். அதற்கு வெளி எடை என்று பெயர். நடுவத்தின் குற்றப் பட்டியலில் அரிசிக்கு அடுத்தபடி அதுதான். டேவிட்சனின் கடையில் பதினொரு தராசுகள் இருந்தன. அடுத்த மூன்று மாதம் அவர் தன் கடைக்குள் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்து வேலை பார்த்தார்.

முதல் மாதம் தொண்ணூற்றைந்து தொண்ணூறானது. புவனா எழுந்து நின்று கைதட்டினார். இரண்டு பேர் டேவிட்சனுக்கு நெய்க்காப்பி கொடுத்தார்கள். அதன் பிறகு தொண்ணூறு.

அடுத்த புதன் தொண்ணூறு. அதற்கடுத்த புதன் தொண்ணூறு.

"முதல் தேக்கமுங்க," என்றார் புவனா, வருத்தத்தோடு. முதல் தேக்கத்துக்கு வாரத்தில் மூன்று நாள் பட்டினி. டேவிட்சன் இருந்தார். கடையில் திருப்புளியைப் பிடித்தால் கை நடுங்கியது. ஏப்ரல் வெயிலில் கால் விரல்கள் சில்லிட்டன. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டார். மேடை தொண்ணூறு என்றது.

ஒவ்வொரு புதனும் எடை பார்த்து முடிந்ததும் பழைய நூல் கிடங்கில் எல்லோரும் கூடுவார்கள். இதற்கு வாய்திறப்பு என்று பெயர். தேக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து, அந்த வாரம் வாய்க்குள் போன எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதுவும் போகவில்லை என்று சொல்பவர்களை மறுபடி யோசிக்கச் சொல்வார்கள்.

தொண்டாமுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் சாமியாத்தாள் எழுந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். எழுபத்தைந்திலேயே ஒன்பது வாரமாக நிற்கிறார்.

"நான் ஒண்ணும் திங்கலீங்க. ஞாயித்துக்கெழம ராத்திரி ஆனை வந்துபோட்டுதுங்க. பக்கத்துக் காட்டுல வாழ பூரா தின்னுச்சு. நான் மாடியில நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."



"எத்தனை நேரம் பாத்தீங்க?" என்றார் தம்பிதுரை.

"ஒரு மணி நேரம் இருக்குமுங்க. அது போனாத்தான நான் போய்ப் படுக்க முடியும்?"

"வாழப்பழத்தை ஒரு மணி நேரம் பாத்திருக்கறீங்க."

"ஆனையப் பாத்தேனுங்க."

"ஆனை எதைப் பாத்துச்சுங்க? கண்ணு வழியா இனிப்பு போனாலும் இன்சுலின் எந்திரிச்சு உக்காந்துக்குமுங்க. நீங்க ஆனையப் பாத்தேங்கறீங்க, ஆனா மனசுக்குள்ள ஆனை கூடவே நீங்களும் தின்னுருக்கறீங்க."

சாமியாத்தாள் யோசித்தார். அப்படியும் இருக்கலாம் என்று அவருக்கே தோன்றிவிட்டது. "ரண்டு காய் தின்னிருப்பேனுங்க," என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். புவனா அதைப் பதிவு செய்தார்.

பிறகு தம்பிதுரை உரையாற்றினார். அவர் ஒன்பது வருடமாக எழுபத்தைந்து கிலோ. ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. இந்த நிலைக்கு நிலைபேறு என்று பெயர். இடையில் அவருடைய சட்டை அளவு இரண்டு முறை பெரிதாகியிருந்தது. தையல்காரரை இரண்டு முறை மாற்றினார்கள்.

"ஒடம்புங்கறது மில்லு மாதிரிங்க," என்றார் தம்பிதுரை. "வெளியிலிருந்து பஞ்சு வரலீன்னா, கிடங்குல இருக்கற பழைய பஞ்சை எடுத்து ஓட்டோணும். அதுதான் நாணயமான ஒடம்பு. ஆனா உங்க ஒடம்பு என்ன பண்ணுது? பஞ்சு வரலீன்னு தெரிஞ்ச ஒடனே மிசினை மெதுவா ஓட்டுது. லைட்ட அமத்துது. பத்து பேரு பாக்கற வேலைய மூணு பேருகிட்டக் குடுத்துட்டு மத்தவங்களத் தூங்க வெக்குது. டாக்டருக இதுக்கு மெட்டபாலிசம்னு பேரு வெச்சிருக்காங்க. நான் சொல்றேன், இது வேலைநிறுத்தமுங்க! நம்ம மில்லுலயும் இதே மாதிரி மெதுவா ஓட்டுனாங்க. பஞ்சு வாங்கிப் போடு, கூலி குடுன்னாங்க. நான் அசஞ்சனா? பஞ்சையும் நிறுத்திப்போட்டேன், கூலியையும் நிறுத்திப்போட்டேன். ஆறே மாசம். ஒரு சத்தம் இல்லீங்க."

அந்தச் சத்தமில்லாத ஆலைக்குள் உட்கார்ந்து எல்லோரும் கைதட்டினார்கள்.

நான்காவது வாரம் இரண்டாம் தேக்கம். அதற்கு வீட்டுச் சோதனை உண்டு. புவனா ஒரு சனிக்கிழமை காலை வந்து, செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, அமலியின் உடம்பை விசாரித்து, பிறகு சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இது என்னுங்கக்கா?"

"அரிசிங்க," என்றாள் அமலி.

"ஊட்டுல அரிசி இருக்குதுங்களா!"

"நான் ஒருத்தி இன்னும் இருக்கறனேங்க."

புவனா அதையும் எழுதிக்கொண்டார். "நேத்து என்ன சமையலுங்க?"

"அரிசிம்பருப்பு சாதமுங்க. எனக்கு மட்டும், ஒரு டம்ளர் அரிசி. டாக்டரு உப்பு போடக் கூடாதுன்னாரு, பருப்பு சேத்தக் கூடாதுன்னாரு. அதனால அரிசிம்பருப்புல உப்புமில்ல பருப்புமில்ல. பேரு மட்டுந்தான் மிச்சம்."

"அண்ணா பக்கத்துல இருந்தாருங்களா?"

"இருந்தாரு. நான் திங்கறதப் பாத்துட்டு நெய்ய வழிச்சு நக்கிட்டு இருந்தாரு." அமலி டேவிட்சன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, தவக்காலத்துல வெள்ளிக்கெழம ஒரு நாளு கறி வேண்டாம்னா, ஆண்டவருக்குத் தெரியாதா நம்ம மனசுன்னு சொல்லுவீங்க. இப்ப இந்தம்மா வந்து அரிசி டப்பாவ மோந்து பாக்கறாங்க, கையக் கட்டிட்டு நிக்கறீங்க. ஆண்டவரும் ஒரு நோட்டு எடுத்துட்டு வந்திருக்கோணுமாட்ட இருக்குது."

"சான்று வேணுமே, கண்ணு," என்றார் டேவிட்சன்.

அமலி டப்பாவை மூடினாள். அவள் கையில் ஊசி குத்தி ஊசி குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. புவனா அதைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "சோறு வேகற வாசத்தால தேக்கம் வரலாமுங்க. அக்காவ மொட்டை மாடியில சாப்பிடச் சொல்லுங்க," என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் தொண்ணூறு. ஏழாவது வாரம் தொண்ணூறு. மூன்றாம் தேக்கம். மூன்றாம் தேக்கம் என்றால் விசாரணைக் குழு. மே மாத முடிவுக்குள் சான்று வராவிட்டால் அறக்கட்டளையின் கடிதம் வரிசையில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அமலியை இயந்திரத்தில் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், எழுந்தபோது கண் இருட்டி, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வழியாக வந்த ஹிபா பார்த்துவிட்டாள். ஹிபா அந்த மருத்துவமனையில் உணவு ஆலோசகர். சின்னப் பெண், ஆனால் குரல் சின்னதல்ல.

"கடைசியா எப்பங்க சாப்பிட்டீங்க?"

"ஞாயித்துக்கெழம மத்தியானமுங்க."

"இன்னைக்குச் செவ்வாய்!" அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு. இங்க வாங்க. தராசுல ஏறுங்க."

டேவிட்சன் பின்வாங்கினார். "நான் வேற தராசுல ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனுங்க."

"இந்தத் தராசைப் போன மாசம் வந்து சரிபாத்தது யாரு?"

"நாந்தானுங்க."

"அப்ப உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீன்னு எழுதிக்கட்டுமா?"

டேவிட்சன் ஏறினார். எண்பத்தேழு புள்ளி ஒன்பது.

அவர் கீழே இறங்கி, மறுபடி ஏறினார். எண்பத்தேழு புள்ளி ஒன்பது. தொண்ணூற்றிரண்டரைக்கு வந்த அன்றுதான் மேடை தொண்ணூறு என்றிருக்கும்; அதன் பிறகு ஏழு வாரத்தில் நான்கு கிலோவுக்கு மேல் போயிருந்தது. நடுவத்தில் அந்த நான்கு கிலோவும் எங்கும் பதிவாகவில்லை.

ஹிபா அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னாள். "முதல்ல வேகமாப் போனது பாதி தண்ணிதாங்க. மாவுச்சத்து நிறுத்துனா உடம்புல கட்டி வெச்ச தண்ணி போயிரும். அப்புறம் மெதுவாத்தான் போகும். எடை குறஞ்ச உடம்புக்குச் செலவும் கொறச்சல். நாள் கணக்கில பட்டினி போட்டா உடம்பு இன்னும் சிக்கனமாயிரும். அதனாலதான் கையி சில்லுனு இருக்கு. சில வாரம் அசையாமயும் நிக்கும். அது யார் மேலயும் குத்தமில்லீங்க, உடம்பு அதோட வேலையைப் பாக்குது. ஆனா கிட்னி குடுக்கப் போற ஆளு மூணு நாள் பட்டினி கெடந்தா, குடுக்கறதுக்கு உங்ககிட்ட நல்ல கிட்னி இருக்காது. முட்டை, பருப்பு, காய், ஒரு கரண்டி சோறு. சாயங்காலம் நடங்க. மூணு கிலோ தான? போயிரும்."

"அங்க தொண்ணூறுன்னு காட்டுதுங்களே."

"அது அங்க," என்றாள் ஹிபா.

டேவிட்சன் நேர்மையான ஆள். அதுதான் அவருடைய குறை. மறுநாள் புவனாவிடம் போய், வெளி எடை பார்த்துவிட்டேன் என்று தானே சொன்னார். விசாரணை உடனே கூட்டப்பட்டது. தம்பிதுரை, புவனா, மூன்றாவதாக ஆலையில் நூல் தரம் பார்த்து ஓய்வு பெற்ற தனபால். நூலில் முடிச்சு இருக்கிறதா என்று முப்பது வருடம் பார்த்தவர்; மனிதர்களையும் அப்படியே பார்ப்பார்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நாங்க சொல்லலீங்க," என்று தனபால் ஆரம்பித்தார். "அப்படிச் சொன்னா மரியாதையா இருக்காதுங்க. நீங்க சொல்றது உண்மை இல்லீங்கறோம், அவ்வளவுதான்."

"நான் ஒண்ணு கொண்டாரட்டுங்களா?" என்றார் டேவிட்சன்.

அவர் ஆட்டோவில் கொண்டு வந்தவை ஏழு எடைக்கற்கள். இருபது கிலோ இரும்பு நான்கு. பிறகு ஐந்து, இரண்டு, ஒன்று. ஒவ்வொன்றிலும் ஈயம் பதித்து அரசு முத்திரை. தராசுகளைச் சரிபார்க்க அவர் வைத்திருப்பவை. ஒவ்வொன்றாகத் தூக்கி, வரைந்த பாதங்களின் மேல் அடுக்கினார்.

"இது மொத்தம் எண்பத்தெட்டு கிலோங்க. கிட்டத்தட்ட நான்."

திரையில் தொண்ணூறு எரிந்தது.

டேவிட்சன் குழுவைப் பார்த்தார். குழு திரையைப் பார்த்தது. கடைசியில் புவனா மெல்லிய குரலில், "இவங்களும் தேக்கத்துலதான் இருக்காங்க," என்றார்.

"அம்மணி, இது இரும்புங்க. இது எதையும் சாப்பிடலீங்க."

"நீங்களும் அதையேதான சொன்னீங்க," என்றார் தனபால்.

டேவிட்சன் பொறுமையாக ஒரு கிலோ கல்லை எடுத்துக் கீழே வைத்தார். திரை ஒரு முறை கண் சிமிட்டியது. எண்பத்தைந்து.

"பாத்தீங்களா? எடுத்தது ஒரு கிலோ. கொறஞ்சது அஞ்சு. இப்ப மறுபடி வெக்கறேன்." வைத்தார். தொண்ணூறு. எடுத்தார். எண்பத்தைந்து. "இதுக்கு நடுவுல இருக்கறது இந்த மேடைக்குத் தெரியாதுங்க. லாரிக்குச் செஞ்சது. ஆளுக யாரும் நின்ன எடத்துல நிக்கறதில்லீங்க. மேடைதான் நிக்குது."

தம்பிதுரை நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மேடைக்கு வந்து, ஒரு கிலோ கல்லைக் கையில் எடுத்துத் தடவினார்.

"பத்து வருசமா நான் இதைத்தான சொல்லிட்டு இருக்கறேன்," என்றார். "ஒருத்தன் ஒரே ஒரு கிலோ தியாகம் பண்ணுனா, ஒடம்பு அஞ்சு கிலோவாத் திருப்பிக் குடுக்குமுங்க. ஒரு கிலோ தப்புப் பண்ணுனா, அஞ்சு கிலோவாத் தண்டிக்கும். இதுதான் மெட்டபாலிசம்! பரிசோதனை பண்ணிக் காட்டோணும்னா மனுசன் மேலதான் பண்ணோணும், மனுசனுக்கு நாக்கு இருக்குது, பொய் பேசுவான். இன்னைக்கு இரும்பே சாட்சி சொல்லிப்போட்டுது. டேவிட்சன், நீங்க பெரிய விஞ்ஞானிங்க."

"இல்லீங்க, நான் சொல்ல வந்தது..."

"சொல்லவே வேண்டாமுங்க. கண்ணால பாத்துட்டோம்."

குழு ஒருமனதாக இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்று, வெளி எடை பார்த்த குற்றத்துக்காக டேவிட்சன் மே மாத முடிவு வரை மேடை ஏறக் கூடாது. இரண்டு, நாக்கும் ஆசையும் இல்லாத முன்மாதிரி உடலாக இந்த எண்பத்தெட்டு கிலோ இரும்பு நடுவத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. பதிவேட்டில் இரும்புக்குத் தனிப் பக்கம் திறக்க வழியில்லை. வயது, ரத்த வகை, அப்பா பெயர் எல்லாம் கேட்டிருந்தது. ஆகவே புவனா, கொண்டு வந்தவர் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். உறுப்பினர் எண் 212, டேவிட்சன். தொண்ணூறு. மூன்றாம் தேக்கம். அன்றே மூன்று நாள் பட்டினி தொடங்கியது.

கற்களைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பட்டினி இருக்கும் உறுப்பினரை வெளியே விடுவதில்லை.

இரும்பைப் பழைய நூல் கிடங்கில் பூட்டி வைத்தார்கள். பட்டினி நாட்களில் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். கொழுப்பு நாட்களில் புவனாவே வந்து ஏழு கற்களுக்கும் தேங்காயெண்ணெய் தடவினார். இதைக் கேள்விப்பட்டபோது டேவிட்சனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எண்ணெய் தடவினால் துரு ஏறாது. புதன்கிழமைகளில் நான்கு உறுப்பினர்கள் கற்களைத் தூக்கி வந்து மேடையில் நிறுத்துவார்கள். தொண்ணூறு என்றதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். வாய்திறப்பில் இரும்பின் முறை வரும்போது இரண்டு நிமிடம் காத்திருப்பார்கள். அது எதுவும் சொல்லாது. "அழுத்தக்காரரு," என்று தனபால் முணுமுணுத்தார்.

அந்த மூன்று வாரமும் டேவிட்சன் காலையில் இரண்டு முட்டை, மதியம் காயும் பருப்பும் ஒரு கரண்டி சோறும் சாப்பிட்டார். சாயங்காலம் கடையை மூடிவிட்டுக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், திரும்பி நடந்து வந்தார். கை நடுக்கம் நின்றது. அமலி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"உங்க பேருல அங்க ஒருத்தரு பட்டினி கெடக்கறாராமா?" என்றாள்.

"ஆமா."

"நல்ல மனுசனுங்க. நீங்களும் இருக்கறீங்களே."

மே மாதம் கடைசி வாரத் திங்கள் இரவு கோடை மழை கொட்டியது. சத்தி ரோட்டில் முழங்கால் தண்ணீர். நூற்பாலையின் தகரக் கூரை வழியாக வந்த வெள்ளம், எடைமேடையின் மேல் வருடக்கணக்கில் படிந்து இறுகியிருந்த மண்ணையும் பஞ்சுத் தூசியையும் அடித்துக்கொண்டு போனது. எப்படியும் இரண்டு கிலோ இருக்கும். மேடை அவ்வளவு இலகுவாகிவிட்டது என்பது மேடைக்கே தெரியாது. சும்மா இருந்தபோது அது வழக்கம்போல பூஜ்யம்தான் காட்டியது. ஆனால் அதன் மேல் என்ன ஏறினாலும் இரண்டு கிலோ குறைவாக உணர்ந்தது. எண்பத்தெட்டு அதற்கு இனி எண்பத்தாறு.

புதன்கிழமை எண்பத்தெட்டு கிலோ இரும்பு மேடையில் ஏறியது. எண்பத்தைந்து.

கூச்சல் ரோடு வரை கேட்டதாம். அன்றைக்குச் சாமியாத்தாளும் விழுந்தார், எழுபது. இன்னும் எண்பது பேர் ஒரே நாளில் ஐந்தைந்து கிலோ விழுந்தார்கள். ஒன்பது வருடம் நிலைபேற்றில் இருந்த தம்பிதுரையே எழுபதுக்கு விழுந்து, இது இரண்டாம் நிலைபேறு என்று அறிவித்தார். இரும்பின் தவம் எல்லோரையும் இழுத்துவிட்டது என்றார் தனபால். கற்களுக்கு மாலை போட்டார்கள். உறுப்பினர் எண் 212, டேவிட்சன், 85 கிலோ என்று பொன்னெழுத்தில் சான்று அச்சானது. மறுநாள் அறக்கட்டளையின் கடிதம் மருத்துவமனைக்குப் போனது. சான்று வழங்கும் படத்தில் நடுவில் இரும்பு இருந்தது. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற டேவிட்சனுக்கு, உடல் கொடுத்தவர் என்று கீழே அச்சிட்டிருந்தார்கள்.

டேவிட்சன் அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஹிபாவிடம் போனார். "இது கல்லோட எடைங்க. என்னுது பாருங்க," என்று தராசில் ஏறினார். எண்பத்து நான்கு புள்ளி ஆறு. பிறகுதான் மூச்சு விட்டார், முழுதாக.

ஜூன் மாதம் ஆபரேஷன் நடந்தது. நான்காம் நாள் டேவிட்சன் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு தளர்நடையாக நடந்து, அமலி இருந்த அறையின் கண்ணாடி வழியே பார்த்தார். கட்டிலின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை தொங்கியது. பத்து மில்லிக்கு ஒரு கோடு. நர்ஸ் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் படித்து, எழுதினார். ஒரு வருடத்துக்குப் பிறகு அமலிக்குச் சிறுநீர் போகிறது. டேவிட்சன் அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நெருக்கமான கோடுகள்.

கைப்பேசி அடித்தது. புவனா.

"அண்ணா, சௌக்கியமுங்களா? அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க அம்மணி. நானே கூப்பிடலாம்னு இருந்தேன். என்ற கல்லுகளக் குடுத்தீங்கன்னா, அடுத்த மாசம் முத்திரைக்குக் காட்டோணுமுங்க."

"அது முடியாதுங்களே. அவங்க இப்ப நிர்வாகக் குழுவுல இருக்காங்க." பதிவேடு புரளும் சத்தம் கேட்டது. "அதுபத்தித்தானுங்க கூப்பிட்டேன். மேடைய வெள்ளையடிச்சு சுத்தம் பண்ணி ஆளு வெச்சுப் பூஜ்யம் பண்ணுனோம். இன்னைக்குப் பாத்தா அவங்க மறுபடி தொண்ணூறுங்க. ஒரே நாள்ல அஞ்சு கிலோ ஏறிப்போட்டாங்க. ரூம்பு பூட்டித்தான் இருந்துச்சு. எண்ணெயும் அளந்துதான் தடவுனோம். எங்களுக்கு ஒண்ணுமே புரியலீங்க."

டேவிட்சன் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"அண்ணா, மறைக்காம சொல்லுங்க. இன்னைக்குக் காலைல நீங்க என்னங்க சாப்பிட்டீங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் குவளையைக் காலி செய்து மறுபடி மாட்டினார்.

"ரண்டு இட்லிங்க," என்றார் டேவிட்சன்.

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"அதானுங்க பாத்தேன்," என்றார் புவனா.